செடிப் பதிவுகளிலிருந்து உயிர்ப்புவியியல் மண்டலப் படம்: முதல்முறை போடுகிறவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து

நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரே மாதிரிச் செடிக் கூட்டம் உள்ள கட்டங்களுக்கு ஒரே நிறம் கொடுப்பதுதான் மண்டலப் படம். என் முதல் படத்தில் காரைக்குடியும் அதை ஒட்டிய ஒரு கட்டமும் மட்டும் தனி நிறத்தில் வந்தன. செட்டிநாட்டுக்கென்றே ஒரு தாவர மண்டலம் இருக்கிறது என்று நாலு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன், கைடிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் அந்தக் கட்டத்தின் செடிப் பட்டியலை மட்டும் காட்டச் சொன்னார். மேலிருந்து மூன்றாவது பெயர் குரோட்டன்ஸ், அடுத்தது காகிதப்பூ, அதற்கடுத்தது அரளி. யாரோ புண்ணியவான் ஒரு வளாகத் தோட்டத்தை முழுக்கப் படமெடுத்து ஏற்றியிருக்கிறார், அதைப் போய் நான் இயற்கை மண்டலம் என்று நம்பியிருக்கிறேன்.

அந்தப் படத்தைச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. இதில் கணினி வேலை பார்த்த நேரம் எல்லாம் சேர்த்து ஒரு மணிநேரம்கூட இருக்காது, மிச்சமெல்லாம் பதிவுகளைச் சுத்தம் செய்ததுதான். நீங்கள் அதை ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்

வலைப்பின்னல் பகுப்பாய்வு என்றதும் பயந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு மொய் நோட்டுகளையும் பங்காளி வீடுகளின் நோட்டுகளையும் மொத்தமாக எடுத்துப் பரப்புங்கள். இந்தப் பக்கம் ஆட்களின் பெயர், அந்தப் பக்கம் விசேஷங்கள். யார் எந்த விசேஷத்தில் எழுதினாரோ அதற்கு ஒரு கோடு போடுங்கள். உறவுமுறை எதுவும் தெரியாத ஒருவர்கூட அந்தக் கோடுகளைப் பார்த்தே இவர்கள் ஒரு கூட்டம், அவர்கள் வேறு கூட்டம் என்று பிரித்துவிடுவார். ஆட்களுக்குப் பதில் செடி இனங்கள், விசேஷங்களுக்குப் பதில் வரைபடக் கட்டங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதை இருபக்க வலைப்பின்னல் என்கிறார்கள். ஒவ்வொரு இனமும் ஒரு புள்ளி, ஒவ்வொரு கட்டமும் ஒரு புள்ளி. (எங்கள் ஊரில் புள்ளி என்றால் கல்யாணமான குடும்பத்தைக் கணக்கெடுக்கிற அலகு. வகுப்பில் இதைச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்களுக்குப் புரியவில்லை.)

கூட்டம் பிரிக்கும் வேலையை இன்ஃபோமேப் என்கிற நிரல் செய்கிறது. அது ஒரு கற்பனை ஆளை வலைப்பின்னலுக்குள் நடக்கவிடுகிறது. அவர் ஒரு விசேஷத்துக்குப் போகிறார், அங்கே வந்த ஒருவரைப் பிடிக்கிறார், அவர் போன இன்னொரு விசேஷத்துக்குப் போகிறார், இப்படியே போய்க்கொண்டிருக்கிறார். நெருக்கமான கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் சீக்கிரம் வெளியே வரமாட்டார், அங்கேயே சுற்றுவார். அவர் அப்படிச் சுற்றுகிற இடங்கள்தான் மண்டலங்கள். 2015-இல் வில்ஹேனாவும் அன்டொனெல்லியும் இந்த முறையை உயிர்ப்புவியியலுக்குக் கொண்டுவந்தார்கள், இப்போது அதற்கென்று இலவசக் கருவிகள் இருக்கின்றன.

இதில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் போனவர் நோட்டில் இருக்கமாட்டார். பட்டியலில் ஒரு செடி இல்லை என்றால் அந்த ஊரில் அது இல்லை என்று அர்த்தமில்லை, யாரும் எழுதவில்லை என்றும் இருக்கலாம். கீழே வருகிற பாதித் தொல்லை இதனால் வருவதுதான்.

2. எல்லையும் கட்டமும்

செட்டிநாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். 0.25 டிகிரி கட்டம் என்றால் நம் பகுதியில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர், செட்டிநாடு மொத்தமும் விரல்விட்டு எண்ணுகிற கட்டங்களுக்குள் அடங்கிவிடும். அதற்குள் என்ன மண்டலத்தைப் பிரிப்பது? தமிழ்நாடு முழுவதையும் எடுங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தையும் வடக்கே கொஞ்சம் ஆந்திராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரக் கட்டங்களுக்கு அக்கம்பக்கம் இல்லாமல் போனால் அவை எங்கே சேருவது என்று தெரியாமல் தவிக்கும்.

சதுரமாக ஒரு பெட்டி போட்டால் யாழ்ப்பாணமும் மன்னாரும் உள்ளே வந்துவிடும். நம் பக்கத்துப் பாலை மரம் அங்கேயும் நிறைய உண்டு, அதனால் இலங்கையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை முதலிலேயே முடிவுசெய்து எழுதிவையுங்கள். நான் பாதியில் நீக்கிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினேன்.

கட்டத்தின் அளவைச் சின்னதாக்க ஆசை வரும். 0.1 டிகிரி, அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சமவெளியில் பாதிக்கு மேல் காலியாகிவிடும். 0.25-லும் 0.5-லும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் வருகிற எல்லையை நம்பலாம். ஒன்றில் மட்டும் வருவதை நம்ப வேண்டாம்.

3. பதிவுகளை இறக்குவது

எந்த உயிரினம் எங்கே காணப்பட்டது என்ற பதிவுகளை உலகெங்குமிருந்து சேர்த்துவைக்கிற ஜிபிஃப் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள், காசு கிடையாது. யாரும் படமெடுத்து ஏற்றக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஆய்வுத் தரம் என்று குறிக்கப்பட்டு, உரிய உரிமத்தோடு இருக்கும் பதிவுகளும் அங்கே வந்து சேருகின்றன. வாஸ்குலார் தாவரங்கள் (நீர் கடத்தும் குழாய்த் திசு உள்ளவை), ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) உள்ளவை, இடப் பிழைக் குறி இல்லாதவை என்று வடிகட்டி, எளிய சிஎஸ்வி வடிவத்தில் கேளுங்கள். பெரிய கோரிக்கை என்றால் தயாராகச் சில மணிநேரம் ஆகும், மின்னஞ்சல் வரும்.

எல்லையை எழுத்தாகக் கொடுக்கும்போது மூலைப் புள்ளிகளைக் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் கொடுக்க வேண்டும். நேர்ச்சுற்றில் கொடுத்தால் உங்கள் எல்லைக்கு வெளியே இருக்கும் உலகம் முழுவதையும் கேட்டதாக எடுத்துக்கொள்ளும். பதிவு எண்ணிக்கை கோடிக்கணக்கில் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், சுற்றுத் திசையைப் பாருங்கள்.

கோப்பின் பெயரில் சிஎஸ்வி என்று இருந்தாலும் உள்ளே கமா இருக்காது, டேப்தான் இருக்கும். எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். அதில் 10,48,576 வரிசைக்கு மேல் ஏறாது, மீதி வெட்டுப்பட்டுவிடும். ஆர் என்கிற புள்ளியியல் நிரல் மொழியிலேயே படியுங்கள்.

இறக்கிய அன்றே அதன் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கோப்புக்கென்றே தரப்படும் நிரந்தர அடையாள எண்ணை, குறித்துவையுங்கள். ஆய்வேட்டில் அதுதான் உங்கள் ஆவணம். யாரும் மேற்கோள் காட்டாத கோப்புகளை அவர்கள் ஆறு மாதம்தான் வைத்திருப்பார்கள், அதனால் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

4. ஹெர்பேரியத்துக்குப் போவது

இணையத்தில் இருப்பது மட்டும் போதாது, நம் சமவெளிக்குப் போதவே போதாது. ஹெர்பேரியம் என்றால் காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி, லேபிளோடு பாதுகாக்கிற இடம். திருச்சியில் செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றில் நம் பகுதி ஸ்பெசிமன்கள் இருக்கின்றன. காரைக்குடியிலிருந்து திருச்சிக்குக் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். கோவைக்கும் புதுச்சேரிக்கும் இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

துறையின் லெட்டர்பேடில் கைடு கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம், கல்லூரி அடையாள அட்டை, நகல் இரண்டு, எந்தக் குடும்பம் எந்த மாவட்டம் பார்க்க வேண்டும் என்ற பட்டியல், இதெல்லாம் கையில் இருக்க வேண்டும். போவதற்கு இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வந்த பிறகு கிளம்புங்கள். படமெடுக்கத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். நான் ஒரு இடத்துக்குச் சொல்லாமல் போய், பொறுப்பாளர் விடுப்பில் இருந்ததால் வாசலோடு திரும்பினேன். பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். தாளைப் புத்தகப் பக்கம் மாதிரிக் கவிழ்த்துவிடாதீர்கள், காய்ந்த இலை உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.

லேபிளில் ஊர் பெயரைப் படிக்கும்போது ரொம்பக் கவனம் வேண்டும். பழைய தாள்களில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் ராம்நாட் மாவட்டம் என்றுதான் இருக்கும், சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். புதுக்கோட்டை மாவட்டம் 1974-இல் வந்தது, அதற்கு முந்திய தாளில் திருச்சி அல்லது தஞ்சாவூர் மாவட்டம் என்றிருக்கும், 1948-க்கு முந்தியதில் புதுக்கோட்டை சமஸ்தானம் என்றும் இருக்கலாம். மாவட்டப் பெயரை மட்டும் பார்த்து ராமநாதபுரம் நகரத்தின் ஆயத்தொலைவைப் போட்டுவிட்டால் குன்றக்குடிப் பாறையில் எடுத்த செடி கடலோரத்தில் போய் நிற்கும். இப்படிப் போட்டவை ஏற்கெனவே இணையப் பதிவுகளிலும் இருக்கின்றன. ஒரே ஆயத்தொலைவில் சம்பந்தமில்லாத நூறு இனங்கள் குவிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

5. பெயர் சுத்தம்

ஒரே மரம் இரண்டு பெயரில் இருந்தால் நிரலுக்கு அவை இரண்டு மரங்கள். கருவேல மரம் பழைய பதிவில் அகேசியா நிலோட்டிகா, புதியதில் வச்செல்லியா நிலோட்டிகா. வெள்வேலும் அப்படியே. ஆவாரை காசியாவிலிருந்து சென்னாவுக்குப் போய்விட்டது. சீமைக் கருவேலம் நமக்குப் பழக்கமான ப்ரோசோபிஸ் என்ற பெயரை விட்டு 2022-இல் நெல்டூமா ஆனது. ஜிபிஃப் தன் பங்குக்குப் பெயர்களைப் பொருத்தித் தரும், ஆனால் நீங்கள் ஹெர்பேரியத்தில் கையால் எழுதிவந்தவை எந்தப் பெயரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கியூ தாவரவியல் தோட்டத்தின் உலகத் தாவரப் பெயர்ப் பட்டியலை எடுத்து எல்லாவற்றையும் அதன்படி மாற்றுங்கள். துணை இனம், வகை எல்லாவற்றையும் இன அளவுக்கு ஏற்றிவிடுங்கள். எழுத்துப்பிழைக்கு மட்டும் எனக்கு மூன்று வாரம் போனது, அதில் பெரும்பகுதி நானே செய்த பிழை.

6. இடம் சுத்தம்

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிக் கிடப்பதை முதலில் தேடுங்கள். காரைக்குடி சுமாராக வடக்கு 10.07, கிழக்கு 78.78. மாற்றிப் போட்டால் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுப் பக்கம் கடலில் போய் விழும். இது நீங்கள் கையால் தட்டச்சு செய்த பட்டியலில்தான் அதிகம் வரும். ஜிபிஃப் வடிகட்டலில் இந்தியாவுக்கு வெளியே விழுகிறவை போய்விடும், போய்விட்டது என்பதே உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் பூஜ்யம் பூஜ்யம் என்று இருப்பவை, கடலில் நிற்பவை, மாவட்டத்தின் அல்லது மாநிலத்தின் நடுப்புள்ளியில் நிற்பவை, ஹெர்பேரியக் கட்டடத்தின் மேலேயே நிற்பவை. ஆர் மொழியில் கோஆர்டினேட்கிளீனர் என்ற தொகுப்பு இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும். ஆனால் அது பிடித்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள், கடற்கரை மணலில் வளரும் அடம்புக் கொடியைக் கடலில் இருக்கிறது என்று தூக்கிவிடும். பதிவின் இடப் பிழை வரம்பு உங்கள் கட்டத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் நீக்கிவிடுவது என்று நான் வைத்துக்கொண்டேன்.

7. தோட்டம், தோப்பு, வந்தேறிகள்

குரோட்டன்ஸ் கதையை மேலே சொல்லிவிட்டேன். நம் பகுதியில் அதைவிடப் பெரிய குழப்பம் தைலமரமும் முந்திரியும். புதுக்கோட்டை, சிவகங்கைச் செம்மண்ணில் அவை காடு மாதிரி நிற்கின்றன, படமெடுப்பவரும் தோட்டம் என்று குறிப்பதில்லை. இயல் தாவரங்கள் (வெளியிலிருந்து கொண்டுவரப்படாமல் இந்தப் பகுதியில் இயற்கையாகவே வளர்பவை) மட்டும் என்று முடிவெடுத்தால் தைலமரம், முந்திரி, சீமைக் கருவேலம், உண்ணிச்செடி, பார்த்தீனியம் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். கியூ பட்டியலிலேயே ஒவ்வொரு இனத்துக்கும் எங்கே இயல், எங்கே வந்தது என்று இருக்கிறது.

வேம்பு, பனை மாதிரி எங்கும் இருப்பவற்றை மண்டலம் சொல்லாது என்று நீக்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பனையை நீக்க வேண்டாம். எல்லா விசேஷத்துக்கும் வருகிற ஆளால் கூட்டம் பிரிக்க முடியாது, ஆனால் கெடுதலும் பெரிதாக இல்லை. எது பொது, எது தனி என்று நீங்களே முன்கூட்டித் தீர்மானித்தால் அப்புறம் நிரல் எதற்கு? வேம்பு மட்டும் தனி வழக்கு, அது இயல்பா நட்டதா என்பதே வாதம். வைத்தும் எடுத்தும் ஓட்டிப் பார்த்தேன், ஒரு கட்டம்கூட மாறவில்லை.

8. ஓட்டுவது

முதல்முறை என்றால் இன்ஃபோமேப் பயோரீஜியன்ஸ் என்ற இணையக் கருவி போதும். உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். இனப் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை என்று மூன்று பத்தி உள்ள கோப்பைக் கொடுக்க வேண்டும். பதிவு அதிகமான இடத்தில் கட்டத்தைச் சின்னதாகவும் குறைவான இடத்தில் பெரிதாகவும் அதுவே பிரித்துக்கொள்ளும். ஆனால் அதில் முதலில் வரும் கட்ட அளவுகள் உலகம், கண்டம் போன்ற பெரிய பரப்புக்குத்தான் பொருத்தம், தமிழ்நாட்டுக்கு நீங்கள்தான் குறைக்க வேண்டும். மாற்றாமல் ஓட்டி, தமிழ்நாடு முழுக்க ஒரே நிறம் என்று என்னிடம் வந்தவர்கள் மூன்று பேர்.

ஆய்வேட்டுக்கு ஆர் மொழியில் பயோரீஜியன் என்ற தொகுப்பு நல்லது. இன்ஃபோமேப் அதோடு சேர்ந்து வராது, அதன் இயங்கு கோப்புகளை இறக்கித் தரும் கட்டளையை ஒருமுறை தனியாக ஓட்ட வேண்டும். கல்லூரி ஆய்வகக் கணினியில் நிர்வாகி அனுமதி இல்லாமல் இது மல்லுக்கட்டும், சொந்த மடிக்கணினியில் செய்யுங்கள்.

கட்டத்தில் இனம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் கொடுங்கள், எத்தனை பதிவு என்ற எண்ணை எடையாகக் கொடுக்காதீர்கள். சரக்கொன்றைக்குப் பதிவு அதிகம் என்றால் அது பார்க்க அழகாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். மிகக் குறைவான இனம் உள்ள கட்டங்களை விட்டுவிடுங்கள், நான் பத்துக்குக் கீழே இருந்ததை விட்டேன். நிரலில் தற்செயல் இருப்பதால் ஒருமுறை ஓட்டி முடிவெடுக்கக் கூடாது. நூறு முயற்சி கொடுங்கள், விதை எண்ணை (தற்செயல் தேர்வைத் தொடங்கிவைக்க நிரலுக்குக் கொடுக்கிற எண், செடி விதை இல்லை) குறித்துவையுங்கள், விதை எண் மாற்றி மறுபடியும் ஓட்டுங்கள். என் எட்டு ஜிபி மடிக்கணினியில் ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வைவாவில் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் இரண்டு கட்டங்களின் இனப் பட்டியல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் சிம்ப்சன் ஒற்றுமைக் குறியீட்டை வைத்து, ஒத்த கட்டங்களைப் படிப்படியாகச் சேர்த்துக் கிளைகளாகக் காட்டும் கிளைப்படக் குழுவாக்கமும் செய்து பக்கத்தில் வையுங்கள். தென் பிரான்ஸ் செடிகளை வைத்து 2019-இல் வந்த ஒரு ஆய்வு வலைப்பின்னலை வேறு விதமாகக் கட்டுகிறது, ஒரு இனம் ஓரிடத்தோடு தற்செயலைவிட அதிகமாகச் சேர்கிறதா என்று சோதித்து எடை போடுகிறது. இரண்டாம் சுற்றுக்கு அதைப் படியுங்கள், முதல் சுற்றிலேயே வேண்டாம்.

9. படத்தைப் படிப்பது

முடிவைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து நிறம் கொடுங்கள். மலை தனியாக, சமவெளி தனியாகப் பிரிவது சுலபம், அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு பட்டியல் எடுங்கள். அங்கே அதிகமாக இருக்கும் இனங்கள் ஒன்று, வேறெங்கும் இல்லாமல் அங்கேயே இருப்பவை இன்னொன்று. இந்த இரண்டாவது பட்டியல்தான் உங்கள் படத்தின் கோளாறு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். அதில் தோட்டச் செடி வந்தால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள், பழைய பெயர் வந்தால் ஐந்தாம் படிக்கு.

ஒன்று இரண்டு கட்டம் மட்டும் உள்ள மண்டலம் வந்தால் அங்கே கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பதிவு என்று ஒரு படம் தனியாகப் போட்டு மண்டலப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நீங்கள் போட்டது செடிகளின் படம் இல்லை, சேகரித்தவர்கள் போன பஸ் ரூட்டின் படம்.

10. செலவும் நாட்களும்

மென்பொருள், பதிவு எல்லாம் இலவசம். செலவு பஸ், சாப்பாடு, கோவையில் இரண்டு ராத்திரி அறை, ஜெராக்ஸ், அவ்வளவுதான். கலர் பிரின்ட்டைக் கடைசிவரைக்கும் எடுக்காதீர்கள், நான் தப்பான படத்தை ஏ3-இல் ஆறு தடவை எடுத்தேன். நாட்கணக்கு இப்படி வரும்: பதிவு இறக்க ஒரு வாரம், ஹெர்பேரியம் ஒரு மாதம், பெயரும் இடமும் சுத்தம் செய்ய இரண்டரை மாதம், ஓட்டிப் பார்க்க ஒரு வாரம், நேரில் போக மழை முடிந்த மார்கழி, தை. ஆடியில் போனால் சிறு செடி ஒன்றும் இருக்காது, காய்ந்த புல்தான். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும், முதல் நாளே விண்ணப்பியுங்கள். கோவில் காடு என்றால் ஊரில் கேட்க வேண்டும்.

11. வெள்ளையாக விழுந்த கட்டம்

படத்தில் எங்கள் பக்கம் ஒரு கட்டம் வெள்ளையாகவே இருந்தது, பதிவில் ஆறே இனம். நேரில் போனால் கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு அய்யனார் காடு, மண் குதிரைகளுக்குப் பின்னால் வெயிலே நுழையாத மாதிரி வீரையும் பாலையும் காசாவும் அடர்ந்து நிற்கின்றன. இலை ஒன்றைக் கிள்ளக் கை நீட்டினேன், பூசாரி வேளார் திண்ணையிலிருந்தே சத்தம் கொடுத்தார்: "ஏத்தா, இங்க ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது. பாத்துக்க, போட்டோ எடுத்துக்க." அப்படியே செய்தேன். பெயர் தெரியாததை அவரிடமே கேட்டேன், பாதிக்கு அவர் ஊர்ப் பெயர் சொன்னார். "இதையெல்லாம் எழுதி என்னத்தா செய்யப் போற?" என்றார். படம் போடப் போகிறேன் என்றேன். சரி என்றார்.

இரண்டு காலையில் நாற்பத்து மூன்று இனம் தேறியது. பூ, இலையின் அடிப்பக்கம், பட்டை மூன்றும் தெரிகிற மாதிரிப் படமெடுத்து, ஜிபிஎஸ் ஆயத்தொலைவோடு ஏற்றினேன், அடையாளம் உறுதியாக இரண்டு மாதம் ஆனது. அந்தக் கட்டத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். பக்கத்துச் சமவெளிக் கட்டங்களின் நிறம் வரும் என்று நினைத்தேன், புதுக்கோட்டைக் கடலோரத்தின் நிறத்தில் வந்தது. இப்போது வாரக்கடைசியில் மீதி வெள்ளைக் கட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.